வயர் கழற்றிய பிறகும்

என் வீட்டுக்காரர் இதுவரை யார்மேலும் வண்டியை ஏற்றியதில்லை. இதை ஊரே நம்புகிறது, அவரைத் தவிர. பதினோரு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் சக்கரத்தில் அடிபட்டதில்லை. ஆனாலும் பள்ளத்தில் வண்டி ‘தடக்’ என்று இறங்கிவிட்டால் போதும், மனுஷனுக்கு அது பள்ளம் இல்லை, பிணம்.

எங்களுக்குக் கல்யாணமாகியும் அதே பதினோரு வருஷம்தான். வேலை முடிந்து உள்ளே நுழையும்போதே ஆரம்பிப்பார்.

“மார்க்கெட் திருப்பத்துல ஏதோ தட்டுன மாதிரி இருந்துச்சு. யாரையாச்சும் இடிச்சிருப்பேனா?”

“இல்லைங்க. யாரையும் இடிக்கல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும். போய்க் கை கழுவுங்க.”

செருப்பைக் கழற்றுவதற்குள் நாலு தடவை, சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் பத்துத் தடவை. நான் துணிக்கடையில் தையல் பிரிவில் வேலை செய்பவள். நாள் முழுக்க ஊராருடைய இடுப்பளவோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இந்தப் பாட்டையும் கேட்க வேண்டும். சில நாள் என் வாய்வார்த்தை மட்டும் அவருக்குப் போதாது. அப்போது பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவுக்கு நானே போன் போட்டு விசாரிப்பேன். அங்கே உட்கார்ந்திருக்கும் எழுத்தர் என் குரலைக் கேட்டதுமே, “இன்னிக்கும் அந்தப் பக்கத்துலேருந்து யாரும் வரலக்கா, நிம்மதியாத் தூங்குங்க” என்பார். நல்ல மனுஷர். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்திருப்பாரோ, தெரியாது.

இப்படியே ஓட்டிக்கொண்டிருந்திருப்போம். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் ஐம்பத்திரண்டு பயணிகளோடு பஸ்ஸை அப்படியே திருப்பி, வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் போனார். வேலைக்குப் போகிற நேரம். பாதையை மாற்றிவிட்டார்கள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள், டிரைவருக்குப் பைத்தியம் என்று மீதிப் பேர். ‘தடக்’ கேட்ட பாலத்தடியில் நிறுத்தி, இறங்கி, டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். “அண்ணே, யாருமே இல்லண்ணே, ஏந்திரிங்கண்ணே” என்று கண்டக்டர் கெஞ்சுவதை ஒரு புண்ணியவான் செல்போனில் படம் எடுத்தான். ஊர் முழுக்க அது சுற்றி வந்தது.

இதில் என்ன கொடுமை என்றால், அந்த பஸ் எப்படியும் அதே பாதையில்தான் திரும்பி வரும். நாற்பது நிமிஷம் பொறுத்தால் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாற்பது நிமிஷத்தைப் பொறுக்க முடியாததற்குப் பெயர்தான் நோய் என்று எங்களுக்குப் பிறகு சொன்னார்கள்.

டெப்போ மேலாளர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தே பேசினார்.

“மூணு மாசம் டைம் தரேன். டாக்டரப் பாருங்க, சரி பண்ணிக்கங்க. அப்புறம் இன்ஸ்பெக்டர பக்கத்துல வெச்சு ஒரு டிரிப் ஓட்டிக் காட்டணும். அன்னிக்கு வண்டி திரும்புச்சுன்னா ஸ்டியரிங்க மறந்துடுங்க. ரிடையர் ஆகற வரைக்கும் ஷெட்ல பஸ் கழுவுறதுதான்.”

இவருக்குத் தெரிந்த ஒரே வேலை வண்டி ஓட்டுவது. இவ்வளவு பயத்தோடும் அந்த ஸீட்டில் உட்கார்ந்தால்தான் முகத்தில் ஒரு களை வரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வாசலில் நின்று, “பாலத்துக்கிட்ட நெஜமாவே யாரும் இல்லதானே?” என்றார். எனக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் மாடியில் மனநல டாக்டர் ஐந்தே நிமிஷத்தில் ‘ஓசிடி’ என்றார், விடாமல் துரத்தும் சந்தேக நோயாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டுமாம். அதற்கென்று ஒரு டாக்டரம்மா இருக்கிறாராம். அவரைப் பார்க்க ஏழு வாரம் காத்திருக்க வேண்டுமாம்.

“ஆனா கீழ்த்தளத்துல இந்த நோயப் பத்தித்தான் மூளை ஆராய்ச்சி நடக்குது. அதுக்கு நீங்க நாளைக்கே போகலாம்.”

பாருங்கள் நம் அதிர்ஷ்டத்தை! குணமாக்க ஆள் இல்லை. வேடிக்கை பார்க்க ஒரு பட்டாளமே தயாராக இருக்கிறது.

கீழ்த்தளத்துக்குப் போனோம். உடம்பு நடுங்கும் குளிர். சுவர் முழுக்க மூளைப் படங்கள், அதில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள். பேராசிரியர் சின்ன உருவம், பெரிய குரல். எதைச் சொன்னாலும் “சுவாரஸ்யம்” என்பார். அதனால் நான் அவருக்குச் சுவாரஸ்யம் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி சந்தேகம் வரும்?”

“கணக்கே இல்ல சார்” என்றார் இவர்.

“சுவாரஸ்யம்.”

“நடு ரோட்டுல பஸ்ஸத் திருப்பிட்டாரு சார். வேலை போற நிலைமை” என்றேன் நான்.

“ரொம்ப சுவாரஸ்யம்.”

“இந்த ஆராய்ச்சியால இவருக்குக் குணமாகுமா சார்?”

“இது வைத்தியம் இல்லம்மா. மூளையில எந்த இடத்துல கோளாறுன்னு கண்டுபிடிக்கிறோம்.”

“கண்டுபிடிச்சு?”

“எழுதுவோம்” என்றார், ரொம்பத் திருப்தியாக.

முதலில் ஸ்கேன். பெரிய குழாய் மாதிரி ஒரு மெஷின். உள்ளே ஆளைத் தள்ளி, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, வெளியே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறார்கள். மெஷின் வேலை செய்ய ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘தடக் தடக்’ என்று நாற்பது நிமிஷம் இடிக்கிறது. ‘தடக்’ என்றால் உயிர் போகிற மனுஷனை, அதுவும் அசையாமல் படு என்று அதற்குள் படுக்க வைத்திருக்கிறார்கள்! இத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்காவது இது தோன்ற வேண்டாமா? வெளியே வந்ததும் அவர் முதலில் கேட்டது, “உள்ள எதையாச்சும் இடிச்சிட்டேனா?” என்பதுதான். சுவாரஸ்யம் அதையும் எழுதிக்கொண்டார்.

அவரிடம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் இருந்தாள், தடித்த கண்ணாடி போட்டவள். அந்த இடத்தில் மனுஷ பாஷை பேசியவள் அவள் ஒருத்திதான். பிளாஸ்டிக் மூளை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினாள்.

“கண்ணுக்கு மேல, நெத்திக்குப் பின்னாடி இருக்கற இந்த இடம், ஏதோ தப்பு நடந்துடுச்சுன்னு மணியடிக்கும்க்கா. எல்லாருக்கும் அடிக்கும். நீங்க போய்ப் பாத்ததும், உள்ளுக்குள்ள ஆழத்துல இருக்கற இந்தப் பகுதி, போதும், பாத்தாச்சுன்னு மணிய நிறுத்தும். இவங்களுக்கு நிக்கறதில்ல. இந்த ரெண்டும் மாறி மாறிப் பேசிக்கிட்டே இருக்கு. அப்படித்தான் நாங்க நினைக்கிறோம்.”

“நினைக்கிறீங்களா?”

“இன்னும் முழுசாத் தெரியாதுக்கா” என்றாள். அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

அடுத்த வாரம் மிதிச் சோதனை. நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு வயரை ஒட்டினார்கள். காலடியில் இரண்டு மிதிகள். எதிரே திரை. திரையில் நீலம் வந்தால் இடது கையில் ஷாக் வரப் போகிறது, உடனே இடது மிதியை மிதித்தால் வராது. பச்சை வந்தால் வலது. பெரிய ஷாக் இல்லை, சுருக்கென்று எறும்பு கடிக்கிற அளவுதான். டிரைவர் கால் அல்லவா, இவர் வெளுத்து வாங்கினார். ஒரு மணி நேரம் இதே மிதி.

பிறகு கண்ணாடிப் பெண் எழுந்து போய், அவர் கண் முன்னாலேயே இடது கை வயரைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“இனிமே இந்தக் கையில ஷாக் வரவே வராது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

நீலம் வந்தது. மிதித்தார். மறுபடி நீலம். மறுபடி மிதித்தார். இருபது தடவை நீலம் காட்டினார்கள், இருபது தடவையும் மிதித்தார்.

“ஷாக் வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“எவ்வளவு நிச்சயமாத் தெரியும்?”

“நூத்துக்கு நூறு. வயர்தான் மேஜை மேல கெடக்கே.”

“அப்புறம் ஏன் மிதிச்சீங்க?”

“தெரியலைங்க. மிதிக்கலைன்னா ஏதோ ஆயிடும்னு இருக்கு. ஒண்ணும் ஆகாதுன்னும் தெரியுது. ஆனாலும்...” என்று நிறுத்தி, திட்டு வாங்கக் காத்திருப்பவர்போலக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார்.

“தெரியுதுல்ல, அப்புறம் என்ன கேள்வி?” என்று பதினோரு வருஷமாக நான் அவரைத் திட்டி வந்திருக்கிறேன். நான் சொல்வதை இந்த ஆள் நம்புவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம்பித்தான் இருக்கிறார். கால்தான் நம்பவில்லை. அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. என்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அப்போது பார்த்து சுவாரஸ்யம் என்னிடம் வந்து குழைந்தார். நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நார்மலான ஆட்கள் வேண்டுமாம். நோயாளிகள் வரிசையில் நிற்கிறார்களாம், நார்மலான ஆள்தான் கிடைக்க மாட்டேன் என்கிறானாம். வயது, படிப்பு எல்லாம் நான் பொருந்தி வருகிறேனாம்.

“உங்களுக்கு மனசு சம்பந்தமா எப்பவாச்சும் ஏதாச்சும் பாதிப்பு?”

“கல்யாணம் ஒண்ணுதான் சார்.”

எண்பது கேள்வி கேட்டு, நான் நார்மல் என்று சான்றிதழ் கொடுத்தார். இந்த மனுஷனோடு பதினோரு வருஷம் குப்பை கொட்டியும் நார்மல்! எனக்கே ஆச்சரியம். நாற்காலியில் உட்கார்ந்தேன், வயர் ஒட்டினார்கள், ஒரு மணி நேரம் மிதித்தேன். அந்தப் பெண் வந்து இடது வயரைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நீலம் வந்தது. மிதித்தேன். இருபதுக்கு இருபது.

சுவாரஸ்யம் ஓடி வந்தார். “உங்களுக்கும் இருக்கா!” என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டார். பிறகு என் வேலை என்னவென்று பார்த்தார். “ஆஹா, தையல்காரம்மா! இருபது வருஷம் மெஷின் மிதிச்ச கால்! பழக்கம், சுத்தமான பழக்கம்!” என்று எழுதப் போனார்.

“அதெல்லாம் இல்ல சார். துணி இல்லாம மெஷின மிதிக்க நான் என்ன லூஸா?”

“அப்புறம் ஏம்மா மிதிச்சீங்க?”

“உங்கள நம்பல.”

“என்னது?”

“ஒரு வயரக் கழட்டிக் காட்டுறீங்க. கண்ணுக்குத் தெரியாம இன்னொண்ணு எங்க வெச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்? மிதிச்சா என்ன, கால் தேஞ்சா போயிடும்?”

“நாங்க ஏம்மா பொய் சொல்லப் போறோம்?”

“‘தடக் தடக்’னு இடிக்கிற மெஷினுக்குள்ள எங்க வீட்டுக்காரரத் தள்ளுனவங்கதானே நீங்க?”

கண்ணாடிப் பெண் எழுதும் அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். சுவாரஸ்யத்துக்கு முதல் தடவையாக அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எண்பது கேள்வி தயார் செய்தவர்களுக்கு, ‘எங்களை நம்புகிறீர்களா’ என்று ஒன்றைச் சேர்க்கத் தோன்றவில்லை. கிணறு வெட்ட பூதம் கிளம்பிய கதையாக, என் மிதியைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும் முடியாமல், தூக்கி எறியவும் மனமில்லாமல் தவித்தார். கடைசியில் நார்மல் கூட்டத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

ஆராய்ச்சியின் கடைசி நாள் வீட்டாருக்கென்று ஒரு படிவம். கண்ணாடிப் பெண் வாசிக்க வாசிக்க நான் சொன்னேன்.

“போன வாரத்துல அவருக்கு எத்தனை வாட்டி, ஒண்ணும் ஆகலைன்னு உறுதி சொன்னீங்க? ஒரு நாளும் இல்லையா, சில நாளா, தினமுமா?”

“தினமும் அறுபது.”

“அவருக்காக வேற எங்கயாவது விசாரிச்சதுண்டா?”

விபத்துப் பிரிவு சங்கதியைப் பெருமையோடு சொன்னேன். எந்தப் பெண்டாட்டி இவ்வளவு செய்வாள்? அவள் எழுதுவதை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“அக்கா, இதச் சொல்றது என் வேலை இல்ல. ஆனா டாக்டரம்மாவப் பாக்க இன்னும் நீங்க காத்திருக்கணும்ல, அதுக்காகச் சொல்றேன். நீங்க ‘இல்ல’ன்னு சொல்றதும் ஒரு மிதிதான்க்கா. அவர் கேக்கறாரு, நீங்க மிதிக்கிறீங்க. அஞ்சு நிமிஷம் ஆறுது. கேட்டாத்தான் ஆறும்னு மூளை கத்துக்குது. அடுத்த வாட்டி இன்னும் சீக்கிரமாக் கேக்க வைக்குது.”

“அப்ப என்னாலதான் இந்த நோய் வந்துச்சுங்கறியா?”

“உங்களால வரல. போகாம இருக்கறதுல உங்களுக்கும் பங்கு இருக்கு.”

நான் கொதித்துப் போனேன். நேற்றுப் பிறந்த பெண், பிளாஸ்டிக் மூளையை வைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்கிறாள்! அவளை வாயில் வந்தபடி பேசிவிட்டு வந்தேன். தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கோபம் எல்லாம் இறங்கிவிட்டது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினாலும், அவள் பாய்ச்சியது சரியான புண்ணில்தான்.

அந்த ஏழு வாரம் முடிந்ததும் மாடி டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். இவர் கேட்டால், “அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்” என்று மட்டும் சொல்ல வேண்டும். இவரும் திரும்பிப் போய்ப் பார்க்கக் கூடாது. டெப்போ மைதானத்தில் ஒரு பழைய பஸ்ஸைக் கொடுத்து, மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டச் சொன்னார்கள். மணி அடித்தால் அடிக்கட்டும், தானாக ஓயும் வரை இருக்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறதா? வீட்டுக்கு வந்து பாருங்கள். முதல் வாரம் நான் குளியலறையில் இருந்தால் கதவுக்கு வெளியே நின்று கேட்டார். “உனக்கு என்மேல அக்கறையே போயிடுச்சு” என்றார். சாப்பிடாமல் படுத்தார். அவர் முகம் வெளிறுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு, ஓங்கி நாலு அறை வாங்கிக்கொள்ளலாம். எனக்கு ‘இல்லைங்க’ என்பது தொண்டைவரை வந்து நிற்கும். தண்ணீரைக் குடித்து விழுங்குவேன். ஐந்தாவது வாரம் ஒரு நாளைக்கு ஒன்பது தடவைதான் கேட்டார். அதற்குள் மூன்று மாதம் முடிந்துவிட்டது.

சோதனை நாளன்று நானும் கூட வந்தால் நல்லது என்றார் டாக்டரம்மா. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. பஸ்ஸில் கூட்டம். இன்ஸ்பெக்டர் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை. “அண்ணி, கவலப்படாதீங்க, அண்ணன் ஓட்டிருவாரு” என்றார் கண்டக்டர், தானே நகத்தைக் கடித்துக்கொண்டு.

பதினெட்டு நிறுத்தத்தில் பதினைந்து ஒழுங்காகப் போனது. பதினாறாவது நிறுத்தத்துக்கு முன்னால், நேற்று வரை இல்லாத ஒரு பள்ளம். மைதானத்துப் பள்ளமெல்லாம் அதன் காலில் விழ வேண்டும். ‘தடக்’ என்று பின்சக்கரம் இறங்கி ஏறியதில் என் தலை கூரையில் இடித்தது. சட்டென்று திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வண்டி வேகம் குறைந்தது. அடுத்த நிறுத்தத்தில் நின்றது. கதவு திறந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். கதவு மூடவில்லை. என் வீட்டுக்காரர் ஸீட்டில் திரும்பி, அத்தனை தலைகளையும் தாண்டி என்னைப் பார்த்தார். சட்டை முழுக்க வேர்வை. இன்ஸ்பெக்டரும் பேனாவோடு திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு உதடுகளையும் பல்லால் கடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு மூடியது. வண்டி முன்பக்கமாகத்தான் போனது.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் அவர் நடந்து என்னிடம் வந்தார்.

“நீ பின்னாடிதானே உக்காந்திருந்தே. பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன பாத்தே?”

“அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்.”

“சொல்லும்மா. இந்த ஒரு வாட்டிதான். இனிமே கேக்கவே மாட்டேன்.”

பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்விக்கு நான் ஒரு லட்சம் தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். அத்தனையும் பார்க்காமல் சொன்னது. அவர் ஓட்டிய பஸ்ஸில் அதுவரை நான் ஏறியதே இல்லை. நடந்த இடத்தில் இருந்து, என் கண்ணாலேயே பார்த்து, விடை தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். கொடுக்க ஆசையாக இருந்தது. அழுகையாக வந்தது.

“பஸ்ஸ எடுங்க. நேரமாச்சு” என்றேன்.

அவர் போய் உட்கார்ந்தார். திரும்பும் வழியில் அந்தப் பள்ளம் எதிர்ப்பக்கம் வந்தது. என் வீட்டுக்காரர் கழுத்து நரம்பு புடைக்க நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். நிறுத்தவில்லை. டெப்போவில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது வண்டி ஓட்டுகிறார். அன்றைக்கு என்ன பார்த்தாய் என்று அவ்வப்போது கேட்பார். நான் சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கு என்ன? சாலை காலியாகக் கிடந்தது. தூரத்தில் சைக்கிளில் ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். இது உங்களோடு இருக்கட்டும், அவர் காதில் போட்டுவிடாதீர்கள்.